மெலிந்த புல்தரையைப் பெயர்க்காதீர்கள், மண்ணைத் திறந்துவிடுங்கள்

[காட்சி: பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு முற்றம். ஓரமெல்லாம் பச்சை, நடுவில் செம்மண்.]

வணக்கம். இது எங்கள் சித்தப்பா வீட்டுப் புல்தரை. கேட்டிலிருந்து திண்ணை வரைக்கும் வழுக்கை விழுந்து கிடக்கிறது. "எல்லாத்தையும் பெயர்த்துட்டு புதுசா வாங்கிப் பதிச்சிருவமாடே?" என்று கேட்டார். வேண்டாம் சித்தப்பா என்றேன்.

[காட்சி: கையில் ஒரு புல் கொடி, மிக அருகில்.]

காரணம் இதுதான். செத்துப்போன மாதிரி கிடந்த கொடியை மெல்ல இழுத்தேன். மேலே பழுப்பு. ஆனால் கணுவுக்குக் கணு நூல் போல வெள்ளை வேர். ஒரு கணுவில் ஊசிமுனை அளவுக்குப் பச்சைக் குருத்து. கல்யாண வீட்டில் ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்று வாழ்த்துகிறோமே, அந்த அருகுதான் இது. மண்ணுக்கு மேலேயும் கொடி ஓடும், கீழேயும் தண்டு ஓடும். அவ்வளவு லேசில் சாகாது.

அப்படியானால் ஏன் மெலிந்தது? ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்துக் குத்திப் பாருங்கள். ஓரத்தில் பிடி வரை இறங்குகிறது. நடுவில் அரை அங்குலத்துக்கு மேல் போகவில்லை. தினமும் பைக் ஏறி ஏறி மண் இறுகிவிட்டது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் ஓடிவிடுகிறது. வேருக்குக் காற்றும் இல்லை, நீரும் இல்லை. இதன் மேல் புதுப் பத்தை பதித்தாலும் அடுத்த வருடம் இதே கதைதான்.

[காட்சி: கடப்பாரையால் துளை போடுதல்.]

முதல் நாள் நன்றாக நனைத்துவிட்டு, மறுநாள் கடப்பாரை முனையால் 4 அங்குல ஆழத்துக்குத் துளை போடுங்கள். துளைக்குத் துளை ஒரு சாண் தள்ளி இருக்கலாம். ரொம்ப மோசமான இடத்தில் இன்னும் நெருக்கம். இடுப்பு வலிக்கும் வேலைதான். ஆனால் பலன் முழுக்க இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

அப்புறம் நன்றாக மக்கிய தொழுவுரத்தைச் சலித்து, கால் அங்குலம் தூவி, விளக்குமாற்றால் துளைக்குள் தள்ளிவிடுங்கள். 100 சதுர அடிக்குச் சுமார் 2 கன அடி எரு பிடிக்கும். ஆற்று மணல் தேடி அலைய வேண்டாம். தாமிரபரணி இழந்த மணல் போதும். எரு மக்காமல் இருந்தால் களை விதையும் வெண்புழுவும் சேர்ந்து வரும், கவனம்.

வெறும் இடங்களில் ஓரத்துக் கொடியை வெட்டி, 3 கணு உள்ள துண்டுகளாக அரை அடி இடைவெளியில் புதையுங்கள். நுனி வெளியே தெரியட்டும். புதைத்த இடம் வேர் பிடிக்கும் வரை ஈரம் காயக்கூடாது.

கோரையைக் கொத்தால் வெட்டிவிடாதீர்கள். கிழங்கு உள்ளேயே தங்கிவிடும், மறுபடி முளைக்கும். மண் ஈரமாக இருக்கும்போது கிழங்கோடு தோண்டி எடுங்கள்.

[காட்சி: மாலை, ஹோஸில் தண்ணீர் பாய்கிறது.]

துண்டுகள் வேர் பிடித்ததும் தினமும் லேசாகத் தெளிப்பதை நிறுத்திவிடுங்கள். அது வேரை மேலாகவே வளர வைக்கும். வாரம் இரண்டு தடவை, 100 சதுர அடிக்கு 15 லிட்டர் வாளியில் 8 வாளி, மெதுவாக. சித்திரை வெயிலுக்கு இன்னொரு தடவை சேர்க்கலாம். புதுத் தளிர் விட்ட பிறகு அதே பரப்புக்கு 50 கிராம் யூரியா தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். இலையில் தங்கினால் கருக்கிவிடும். வெட்டும்போது 2 அங்குல உயரம் விட்டு, ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். ஒட்டச் சிரைத்தால் வேருக்கு உணவு தர இலையே மிஞ்சாது.

அந்த மூலையில் வேப்பமர நிழல். அருகுக்கு நல்ல வெயில் வேண்டும், அங்கே என்ன செய்தாலும் வராது. நான் அதை விட்டுவிட்டு, கல் பெஞ்சு போடச் சொல்லிவிட்டேன்.

எப்போது தொடங்கலாம்? நம் பக்கம் ஆனி, ஆடியில் காற்றுதான் அடிக்கும், மழை அதிகம் இருக்காது. ஆவணி கடைசியில் துளை போட்டு எரு தள்ளிவிட்டால், கொடி ஓடத் தொடங்கும் நேரத்தில் ஐப்பசி மழை வந்து சேரும். பைக்கை மட்டும் கார்த்திகை முடியும் வரை கேட்டுக்கு வெளியே நிறுத்துங்கள்.