சிவப்பி ஏன் நீலமானாள்?

வணக்கம் நேயர்களே. அடுப்படியில் நிற்பவர்கள் வேலையை விடத் தேவையில்லை, காதை மட்டும் இந்தப் பக்கம் தந்தால் போதும். படத்தைக் காட்டாமல் படத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பார்ப்போம்.

முப்பது வருடம் சித்திரம் படிப்பித்தவன் நான். படம் கீறு என்றால் எங்கள் பிள்ளைகள் முதலில் எதைக் கீறுவார்கள்? உங்களுக்கே தெரியும். இரண்டு கூரான மலை, நடுவில் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, பக்கத்தில் ஒரு தென்னை. கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவு வரை பஸ்ஸில் போய்ப் பாருங்கள், அப்படியொரு மலை எங்கே நிற்கிறது? இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் அலுத்துவிட்டது, இன்றைக்கும் சொல்கிறேன். வேலியில் நிற்கும் பூவரசம் பூ காலையில் மஞ்சள். பின்னேரம் வாடும்போது சிவந்துபோயிருக்கும். ஒரே நாளில் இரண்டு நிறம்! அதைக் கீறின பிள்ளையை நான் கண்டதில்லை. பிள்ளைகளில் பிழையில்லை. கரும்பலகையில் அந்த மலையைக் கீறிக் காட்டியது எங்களைப் போன்ற வாத்திமார்தான்.

சரி, இன்றைக்குச் சொல்ல வந்த ஆளிடம் வருவோம். ஓவியர் மார்க் ஷகால். 1887 இல், இப்போது பெலாரஸ் என்கிற நாட்டில் இருக்கும் விதெப்ஸ்க் என்ற ஊரில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். தகப்பன் உப்பு மீன் கிட்டங்கியில் பீப்பா தூக்கியவர், தாய் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். 1910 இல் பாரிசுக்குப் போனார். அடுத்த வருடம் ஒரு படம் வரைந்தார், பெயர் ‘நானும் கிராமமும்’. ஆள் உயரத்துக்கும் மேலான படம். ஒரு பக்கம் பச்சை முகத்தோடு ஒரு மனிதன், மறுபக்கம் ஒரு மாட்டின் முகம், இரண்டும் கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அந்த மாட்டின் கன்னத்துக்குள்ளேயே ஒருத்தி இருந்து பால் கறக்கிறாள். மேலே வீடுகளில் இரண்டு தலைகீழாக நிற்கின்றன. பாரிசின் நடுவில் இருந்துகொண்டு அவர் கீறினது மாட்டை!

மாடு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக என்னால் முடியாது. 2009, போரில் இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம். தறப்பாள் கூரைக்குக் கீழே வகுப்பு. நிவாரணத்தில் வந்த பஸ்டல் பெட்டிகள் சில, ஒரு பெட்டிக்கு ஏழெட்டுப் பிள்ளைகள். ஒரு சின்னப் பெட்டை வீட்டுக் கூரைக்கு மேலே, ஆகாயத்தில், நீல நிறத்தில் ஒரு மாடு கீறியிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? “மாடு எங்கையடி பிள்ளை பறக்கிறது? அதுவும் நீல மாடு?” என்று கேட்டேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. “சேர், அது எங்கட சிவப்பி. கயிற்றை அவிட்டு விட்டிட்டு வந்தனாங்கள். இப்ப எங்க நிக்கிதெண்டு தெரியாது. நிலத்தில கீறினா எந்த இடத்தில கீறுறது?”

சரி, சிவப்பி ஏன் நீலம்? “சிவப்பு முடிஞ்சுபோச்சு, சேர்.”

உண்மைதான். எல்லாப் பெட்டியிலும் முதலில் தீர்ந்தது சிவப்புத்தான்.

ஷகாலின் படத்தை ஒரு புத்தகத்தில் நான் நின்று நிதானமாகப் பார்த்தது அதற்குப் பிறகுதான். அதுவரை, ‘நவீன ஓவியம், கண்டபடி கீறுவார்கள்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிற ஆள் நான். கற்பனை என்றால் இல்லாததை நினைப்பது என்று வகுப்பில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! ஷகாலுக்கு அந்த மாடு இருந்தது, வீடும் இருந்தது. நிற்க நிலம்தான் பக்கத்தில் இல்லை. திரும்பவும் சொல்கிறேன், மாடு பொய்யில்லை.

ஜெர்மன் படை பிரான்சைப் பிடித்தபின், 1941 இல், அவர் அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார். விதெப்ஸ்க் அந்தப் போரில் பெரும்பாலும் இடிந்துபோனது. 1973 இல் சோவியத் அரசு அழைத்து, மொஸ்கோவுக்கும் லெனின்கிராட்டுக்கும் வந்தார். விதெப்ஸ்க்குக்கு மட்டும் போகவில்லை. அப்போது வயது எண்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. மீள்குடியேற்றத்தில் பஸ்ஸால் இறங்கி, வளவு எல்லை தெரியாமல் பற்றைக்குள் நின்ற எங்களுக்கு, அவர் ஏன் போகவில்லை என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

கண்ணாடி ஜன்னல்களைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்து வந்தேன், அங்கே தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். ஒரு நிமிடம், தம்பி. ஜெருசலேமில் ஒரு மருத்துவமனைத் தொழுகைக் கூடத்துக்கு 12 வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் செய்து கொடுத்தார், 1962 இல் திறந்தார்கள். அவற்றில் மனித உருவமே கிடையாது, ஆடு மாடு, பறவை, மீன்தான். 1967 போரில் சில உடைந்தன, அவரே திருத்திக் கொடுத்தார். அந்த நீலத்தைப் பற்றி…

சரி, நேரம் முடிந்தது. அந்தப் பெட்டைக்கு இப்போது இருபத்தைந்தைத் தாண்டியிருக்கும். பிள்ளை, இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அன்றைக்கு நான் உன் கொப்பியில் போட்ட பிழை அடையாளத்தை அழித்துவிடு. வணக்கம்.