விறகு விலைக்குப் போகவிருந்த மகோகனி

[காட்சி: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வீட்டின் புறவாசல். கரண்ட் கம்பியை நோக்கிச் சாய்ந்து நிற்கும் மகோகனி.]

இந்த மரம் இந்த வீட்டில் யாருக்கும் வேண்டாம். வாழைக்கு வெயில் விடுவதில்லை, காற்றடித்தால் கம்பியில் உரசுகிறது. விறகு வியாபாரி வந்து டன்னுக்கு ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கொடுப்பதற்கு முன்னால் ஒரு அளவு எடுத்துப் பார்ப்போம்.

மகோகனி என்றாலே கோடி ரூபாய் விளம்பரம் நினைவுக்கு வரும். அதை ஒதுக்கி வையுங்கள். உலகச் சந்தையில் பேர் வாங்கியது மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் பல காலம் நின்ற மரம். அந்தக் காட்டு மரத்தின் ஏற்றுமதிக்கு 2003 முதல் சர்வதேசக் கட்டுப்பாடு உண்டு. நம் வீட்டில் பதினைந்து வருஷம் வளர்ந்ததில் வெள்ளை (பட்டையை ஒட்டிய இளங்கட்டை) அதிகம், வைரம் (உள்ளே முற்றிய கட்டை) குறைவு, நிறமும் வெளிறித்தான் இருக்கும். ஆனாலும் வேம்பின் குடும்பம். காயும்போது மற்ற பல மரங்களைப் போல அவ்வளவு சுருங்காது, முறுக்காது. அதனால்தான் விறகாக்காமல் பலகையாக அறுக்கச் சொல்கிறேன்.

[காட்சி: அடிமரத்தில் டேப்.]

சுற்றளவு 4 அடி, நேரான தடி 8 அடி. மரக்கடைக் கணக்கில் சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். 8 கன அடி வரும். உண்மையில் உருளையின் கன அளவு 10 கன அடிக்குச் சற்று மேல். ஏமாற்று இல்லை, அறுக்கும்போது போகும் கழிவுக்கான பழைய வழக்கம் அது. விற்கும்போது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

இந்தத் தடியின் விட்டம் 15 அங்குலம். ஒரே ஸ்லாபில், அதாவது தடியின் முழு அகலத்துக்கும் அறுத்த ஒற்றைப் பலகையில், சாப்பாட்டு மேசை என்ற ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள். இரண்டை ஒட்டினால் மேசை, ஒன்றே என்றால் பெஞ்சு.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. சாலையோர மரம் விழுந்தே கிடந்தாலும் உங்களுடையது அல்ல. பட்டா நிலம் என்றாலும் வெட்டவும் ஏற்றவும் என்ன காகிதம் வேண்டும் என்று வி.ஏ.ஓ.விடமும் வனத்துறையிடமும் முதலில் கேட்டுவிடுங்கள். கம்பி பக்கத்து மரமென்றால் மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்தாமல் செயின் சாவைத் தொடாதீர்கள்.

வெட்டியாயிற்று. அன்றைக்கே இரண்டு முனைகளிலும் மிச்சப் பெயின்டையோ மெழுகையோ தடிமனாகப் பூசுங்கள். ஈரம் பக்கங்களைவிட முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். அதற்காகவே தடியை இரு பக்கமும் நான்கு அங்குலம் கூட்டியே வெட்ட வேண்டும்.

[காட்சி: மரம் அறுக்கும் மில். பேண்ட் சா (பட்டை ரம்பம்) ஓடுகிறது.]

வீட்டு மரம் என்றால் மில்காரர் முகம் சுளிப்பார். காரணம் ஆணி. துணிக்கொடி கட்டியது, ஆடு கட்டியது என எல்லாம் உள்ளே புதைந்திருக்கும். முனையில் கருநீலக் கறை தெரிந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். செயின் சாவிலும் ஸ்லாப் போடலாம், ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் மரம் தூளாகிவிடும். பேண்ட் சா அதில் மூன்றில் ஒரு பங்குதான் தின்னும். தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது, முகக்கவசம் போடுங்கள்.

முடிவில் ஒன்றே முக்கால் அங்குலக் கனம் வேண்டுமென்றால் இரண்டே கால் வைத்து அறுங்கள். தடியின் நடுப்புள்ளி வரும் பலகை எப்படியும் பிளக்கும். அதை நடுவில் கிழித்து இரண்டாக்கிவிடலாம்.

[காட்சி: பழைய புகைப்படம். வளைந்த பலகை.]

இது என் முதல் ஸ்லாப். ஆனி மாதம் அறுத்துக் கொண்டுவந்து மொட்டைமாடிச் சுவரில் சாய்த்து வைத்தேன். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று குற்றாலத்துக்குச் சாரல் கொடுக்கும். திருநெல்வேலிப் பக்கம் வந்து சேரும்போது அதில் ஈரம் இருக்காது, வேகம் மட்டும்தான். மூன்றே வாரம். ஆசாரி வந்து பார்த்தார். “மேசையா கேட்டிய, தோணியா கேட்டிய தம்பி?” என்றார்.

வெளிப்பக்கம் காற்றில் சட்டென்று காய்ந்து சுருங்கப் பார்க்கிறது, உள்ளே இன்னும் பச்சை. அந்த இழுபறியில்தான் பலகை வளைவதும் வெடிப்பதும். ஆகவே நிழல் வேண்டும், காற்று மெதுவாகப் புக வேண்டும்.

[காட்சி: கொட்டகையில் அடுக்கு.]

தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஹாலோ பிளாக். மேலே பலகை. ஒவ்வொரு பலகைக்கும் நடுவே ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஒரே கனமுள்ள ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகள். மேல் ரீப்பர் கீழ் ரீப்பருக்கு நேர் மேலே இருக்க வேண்டும், தள்ளி வைத்தால் அந்த இடத்தில் பலகை தொய்யும். உச்சியில் கல்லேற்றி, ஆடிக் காற்று வரும் மேற்குப் பக்கம் சாக்கு கட்டினேன். ஐப்பசி மழைக்கு அதை அவிழ்த்தேன், புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கக் கூடாதே.

வெள்ளைப் பகுதிக்கு உளு (மரத்தைத் துளைத்துத் தின்னும் பூச்சி) வேண்டாத விருந்தாளி. போராக்ஸும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்து, பலகை பச்சையாக இருக்கும்போதே பூசினால் உள்ளே இறங்கும். மாவு போலத் தூள் உதிர ஆரம்பித்த பிறகு பூசி அவ்வளவு பலனில்லை.

எத்தனை நாள்? ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது தச்சர் கணக்கு. ஈரம் அளக்கும் மீட்டர் இருந்தால் ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். இல்லையா, சரி, ஒரு சின்னப் பலகையை மட்டும் மாதம் ஒரு தடவை பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்துத் தேதியோடு அதிலேயே பென்சிலால் எழுதுங்கள். இரண்டு மூன்று மாதம் எடை அசையாமல் நின்றால் ஆசாரியைக் கூப்பிடலாம்.

[காட்சி: பலகையில் பென்சில் எழுத்து. கடைசி இரண்டு எடைக்கும் நடுவே இன்னும் 300 கிராம் வித்தியாசம்.]