ஒரு தட்டு அகல நிழல்

நடுவர் அவர்களுக்கும் எதிரணிக்கும் வணக்கம். மண்டபம் ஊரில் இந்தக் கடற்கரை மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் என் சனங்களுக்குப் பெரிய வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். ‘சூப்பர் ஹீரோ அம்மா தன் களைப்பைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டுமா, காட்ட வேண்டுமா?’ நாங்கள் காட்ட வேண்டும் என்கிற அணி. நான்கு காரணங்கள் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டு உங்களிடம் கைதட்டல் வாங்கிவிட்டார். “கோடாலித் தைலம் மணக்கிற சூப்பர் ஹீரோவை எங்கேயாவது பார்த்ததுண்டா?” இதற்குப் பதில் சொல்லாமல் எனக்கு அந்தத் தாளைப் பிரிக்க மனசில்லை.

அண்ணே, பார்த்திருக்கிறேன். பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

என் அம்மா பாசிக்கு, அதாவது கடலில் முங்கிப் பாசி எடுக்கப் போனவள். பாலத்துக்கு அந்தப் பக்கம், பாம்பன். விடியும் முன்னே வத்தை என்கிற சின்னப் படகில் ஏறித் தீவுப் பக்கம் போய், கண்ணாடி மாட்டி முங்கினால் ஆறேழு மணி நேரம் தண்ணீரில்தான். மேலே சட்டை, கீழே சேலை. பத்து விரலிலும் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றிக் கட்டியிருப்பாள். காலில் துடுப்பு மாதிரி அலுமினியத் தட்டு. பாறையைப் பிடித்துக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிய்த்து இடுப்புப் பையில் போட வேண்டும். மூச்சு முட்டினால் மேலே, திரும்பவும் கீழே. கீழக்கரையில் நோன்பு திறக்கும்போது வெட்டி வைப்பார்களே கடல்பாசி, அதைக் காய்ச்சுகிற அகர் இந்த மாதிரிப் பாசியிலிருந்துதான் வருகிறது. நாக்கில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். அதைப் பிய்த்தெடுத்த விரல் எப்படி இருக்கும் தெரியுமா? முன் வரிசையில் இருக்கிற அக்காமார் யாராவது பாசிக்குப் போகிறவர்கள் இருந்தால் கையைத் தூக்குங்கள். தூக்குங்கக்கா, கூச்சப்படாதீர்கள். நடுவர் அவர்களே, அந்தக் கைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு எழுதும்போது தேவைப்படும்.

சரி, கதைக்கு வருகிறேன். எனக்கு ஏழு வயது. மதியத்துக்கு மேலே வத்தை வந்தது. நான் கரையில் நின்றேன். பாசியை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அம்மா வந்தாள். நான் கண்ணாடியையும் இரண்டு தட்டுகளையும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு நடக்கிறோம். பாதி வழியில் ஒரு உடைமரம். அம்மா நின்றாள். “கொஞ்சம் இரு தாயி” என்று அடியில் உட்கார்ந்தாள். தலை மரத்தில் சாய்ந்தது. கண் மூடிவிட்டது. சேலையிலிருந்து தண்ணீர் சொட்டி மணலில் கறுப்பாக ஒரு வட்டம். புருவத்தில் உப்புப் பூத்திருந்தது.

எதிரணி அண்ணன் சொன்னார், களைத்துப்போன அம்மாவைப் பார்த்தால் பிள்ளை பயந்துவிடும் என்று. உண்மை, நான் பயந்தேன். கடலுக்குள்ளே முங்குகிற அம்மா, அலைக்குப் பயப்படாத அம்மா, இப்படித் துவண்டு போய்க் கிடந்தால் பயம் வரத்தானே செய்யும்? அப்போது பார்த்து வெயில் மேற்கே சாய்ந்தது. நிழல் நகர்ந்துவிட்டது. அம்மா முகத்தில் சுள்ளென்று வெயில். எழுப்பவும் மனசில்லை. கையில் என்ன இருக்கிறது? அலுமினியத் தட்டு. தூக்கிப் பிடித்தேன். முகத்தில் ஒரு தட்டு அகலத்துக்கு நிழல் விழுந்தது. வலது கை வலித்தது, இடது கைக்கு மாற்றினேன். இடது வலித்தது, வலதுக்கு மாற்றினேன். அண்ணே, என் பயத்துக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. வேலை கிடைத்ததும் பயம் போய்விட்டது.

இதையே என் சித்தி சொன்னால் வேறு மாதிரி. அவள் பின்னால் வந்தவள். “கொதிக்கிற சட்டிக்கு மூடி பிடிச்ச மாதிரி நிக்கிறா இந்தப் பிள்ளை. பாலத்துல ரயிலு ஒண்ணு ஊர்ந்து போயி முடிஞ்சிருச்சு, இவ கைய எறக்கல” என்பாள். கல்யாண வீட்டில், காது குத்தில், எங்கே நான்கு பேர் கூடினாலும் இந்தக் கதைதான். ஒவ்வொரு தடவையும் ரயிலில் பெட்டி கூடிக்கொண்டே போகும். அம்மாவைக் கேட்டால், “அஞ்சு நிமிசம் உக்காந்தேன், அதுக்குப் போயி” என்று முடித்துவிடுவாள்.

அண்ணன் திரையில் பறக்கிறவர்களைக் காட்டினார். 1938ல் வந்த சூப்பர்மேனையே எடுத்துக்கொள்வோம். பச்சையாக ஒரு கல், கிரிப்டோனைட், பக்கத்தில் வந்தால் அவர் சுருண்டு விழுந்துவிடுவார். அது பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்தும் அவரை விட்டுவிட்டார்களா? அவர் விழுகிற இடத்தில்தான் நாற்காலி நுனிக்கு வருகிறார்கள். திரையை விடுங்கள், நம் கடலுக்கு வாருங்கள். 2015ல் எங்கள் பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி அவர்களுக்கு அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. பாசி எடுக்கிற பெண்களை ஒன்று சேர்த்ததற்கும், கடலில் பாசி அழியாமல் அளவோடு எடுக்க வைத்ததற்கும். அந்தப் பெண்கள் மாதம் முழுக்கப் போவதில்லை, சில நாள்தான் என்று தாங்களே கட்டுப்பாடு வைத்தவர்கள். பாசி வளர நேரம் கொடுக்க வேண்டும் என்று கடலுக்கே ஓய்வு கொடுத்த கை, தன் முட்டிக்கு ஓய்வு வேண்டும் என்று பெற்ற பிள்ளையிடம் சொல்லக் கூடாதா?

தைலத்துக்கு வருகிறேன். அந்த ராத்திரி அம்மா பச்சை பாட்டிலை என்னிடம் நீட்டினாள். “முட்டியில தேய்ச்சு விடு தாயி.” முதல் தடவையாகக் கேட்டாள். அதுவரை இருட்டில் அவளே தேய்த்துக்கொள்வாள். நான் தேய்த்தேன். கை எரிந்தது. அந்தக் கையோடு கண்ணைக் கசக்கிவிட்டு அழுதேன், அம்மா சிரித்தாள், சேலை முனையை வாயால் ஊதிச் சூடு பண்ணி என் கண்ணில் ஒற்றினாள். இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது அந்தப் பாட்டிலைத் திறந்தால், நான் திரும்பிப் பார்க்கிறேன்.

நடுவர் அவர்களே, மணியில் கை வைத்துவிட்டீர்கள். மீதிக் காரணங்கள் தாளிலேயே இருக்கட்டும். நேற்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். இப்போது அவள் பாசிக்குப் போவதில்லை, முட்டி விடவில்லை. “அம்மா, உடைமரத்தடியில நீ தூங்கினதை மேடையில சொல்லப் போறேன்” என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னாள்.

“நான் எங்க தாயி தூங்குனேன். நீ தட்டைத் தூக்குனப்பவே முழிச்சிட்டேன்.”

“அப்ப ஏம்மா எந்திரிக்கல?”

“எந்திரிச்சா நீ கைய எறக்கிருவியே.”