பவானியின் தண்ணீர் புல்லிலிருந்து வருகிறது

(கோபிச்செட்டிபாளையத்தில் பாசன விவசாயிகளிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டால் நம் பேச்செல்லாம் பவானிசாகரில் எத்தனை அடி, வாய்க்கால் என்றைக்குத் திறப்பார்கள் என்பதுதான். கொடிவேரி, காலிங்கராயன், கீழ்பவானி மூன்றுக்கும் அதுவே உயிர். நான் பேச வந்தது அணைக்கு மேலே உள்ள சங்கதி.

பவானிக்குத் தண்ணீர் தரும் நீலகிரியின் உச்சிச் சரிவுகளில் இயற்கையாக இருந்தது புல். பள்ளமான மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. அந்தப் புல்லை ஒரு கைப்பிடி பிடுங்கிப் பாருங்கள், வேரோடு கருமண் கட்டியாக வரும். மழை அந்த மண்ணுக்குள் இறங்கி, அடிவாரச் சதுப்புக்குக் கசிந்து, ஓடையாகிப் பங்குனி வரை சொட்டுகிறது. மார்கழி, தை உறைபனியில் புல் கருகிவிடும். கருகிய புல் தண்ணீர் குடிக்காது. நமக்குக் கோடையில் ஓடை வற்றாமல் இருந்ததற்கு இது பெரிய காரணம்.

இந்தப் புல்வெளியைத்தான் சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்தார்கள். வெள்ளைக்காரன் 1840-களில் விறகுக்காகக் கற்பூர மரம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸையும், சீகை என்கிற வாட்டில் மரத்தையும் கொண்டுவந்தான். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்கும் ரேயான் கூழுக்கும் நாமே மலை மலையாக நட்டோம். தோடர்களின் எருமை மேய்ந்த சரிவுகள் அப்படித்தான் போயின. இந்த மரங்கள் பனியிலும் பச்சையாக நின்று, வருடம் முழுக்கக் குடிக்கும்.

ஊட்டியில் உள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். மற்றதில் பாதிக்கு மேல் கற்பூர மரம் வைத்தார்கள். மரம் வைத்த பள்ளத்தில் முதல் பத்தாண்டில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டை மறுபடி துளிர்த்து வளர்ந்த அடுத்த சுற்றில் 25 சதவீதம். இது ஆண்டுக் கணக்கு. கோடைக் கசிவில் விழுந்த அடி இதைவிடப் பெரிது.

இந்த நிலைமையில்தான் மழையின் போக்கும் மாறுகிறது. 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் கொட்டியது. நம் ஈரோட்டில் ஒரு வருடம் பெய்தாலும் அவ்வளவு வராது! 2009 நவம்பரில் கேத்தி உட்பட நீலகிரியில் பல இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சரிவை நேராக வெட்டி வீடு, ரோடு, காய்கறித் தோட்டம் போட்டு, தண்ணீர் போகும் ஓடையை அடைத்தால், கனமழையில் மண் ஊறிக் கனத்துத் தானே இறங்கும். அங்கே அது உயிர்ப்பலி. இங்கே அணைக்குள் வண்டல்.

சீகையை ஒரேயடியாக மொட்டையடித்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும்; தீப்பட்டால் கூட்டமாக முளைக்கும். வெறும் மண்ணாக விட்டால் மழை அரித்துவிடும். பகுதி பகுதியாக எடுத்து, உடனே நாட்டுப் புல்லை நட்டு, முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும். நீண்ட வேலை, நிறையக் கூலி வேண்டும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாய்க்கால் தூர்வார மனு கொடுக்கும்போது, மேலே புல்வெளி மீட்புக்கும் நிதி கேட்டு ஒரு மனு சேர்த்துக் கொடுங்கள். மலை உச்சியில் மரம் நடும் விழா என்று நன்கொடை கேட்டு வந்தால், எந்த இடத்தில், என்ன மரம் என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.