மேலே பூசினால் வலி போகுமா?

அவைத் தலைவர் ஐயா அவர்களே, இந்த மழையிலும் மாட்டுங்காவிலிருந்து வந்திருக்கும் டாக்டர் அம்மா அவர்களே, போட்ட பொன்னாடையை மடித்து மடியில் வைத்தபடி பொறுமையாக உட்கார்ந்திருக்கும் மாநகராட்சி உறுப்பினர் அண்ணாச்சி அவர்களே, மைக் செட்டுக்குக் கைக்காசு போட்ட செயலாளர் அவர்களே, தாராவித் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

மனச்சோர்வு மாத்திரையைக் களிம்பாக்கித் தோலில் பூசினால் வலி குறையுமா என்பதுதான் தலைப்பு. மூன்று விஷயம் சொல்கிறேன்: மருந்து, அது நரம்பில் செய்கிற வேலை, அப்புறம் விலை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எங்கள் பெரியம்மாவுக்கு நெஞ்சோரம் அக்கி வந்தது. ஊரில் என்றால் குயவர் வீட்டுக்குப் போய் செங்காவியால் அக்கி எழுதிக்கொண்டு வருவார்கள் இல்லையா, இங்கேதான் குயவர்கள் குடியிருக்கும் கும்பார்வாடா இருக்கிறதே என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் அங்கே போய் "மேலே சிங்கம் வரையுங்கள்" என்று கேட்டிருக்கிறார். அந்தக் குஜராத்திப் பெரியவர் பாவம், திருதிருவென்று முழித்துவிட்டு, ஒரு உருண்டைக் களிமண்ணைக் கையில் கொடுத்து, காசும் வாங்காமல் கும்பிட்டு அனுப்பியிருக்கிறார்! கொப்புளம் ஆறிவிட்டது, வலி ஆறவில்லை. ரவிக்கை உரசினால் எரியும், ஃபேன் காற்றுப் பட்டால் குத்தும், வீட்டில் எல்லாரும் "நடிக்கிறாள்" என்றார்கள். இது நரம்பு வலி என்று டாக்டர் அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தார். அது மனநோய் மாத்திரை என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்ல, "எனக்கென்ன பைத்தியமா" என்று சாக்கடையில் வீசிவிட்டார். மறுபடி வாங்கிக் கொடுத்தோம். வலி குறைந்தது, ஆனால் நாக்கு வறண்டது, மலச்சிக்கல், விடியற்காலை குழாயடியில் குடத்தோடு நின்றுகொண்டே தூக்கம். அப்போதுதான் கேட்டார்: "இதையே மேலே தடவினால் ஆகாதா?"

படிக்காத பெரியம்மா கேட்டதைத்தான் ஆராய்ச்சிக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். அமிட்ரிப்டிலின் அமெரிக்காவில் 1961இல் மனச்சோர்வுக்கென்று வந்த மருந்து. நரம்பு வலிக்கு அதைவிடக் குறைந்த அளவே கொடுக்கிறார்கள். வலிச் செய்தி நரம்பில் ஓட சோடியம் உள்ளே போகவேண்டும், அந்த வழியை இது அடைக்கிறது. பல் பிடுங்கும்போது போடும் லிக்னோகெய்ன் ஊசிக்கும் அதே வேலைதான். 2003இல் வலியே இல்லாத ஆட்களின் தோலில் பூசிப் பார்த்தார்கள். வீரியம் கூடினால் அந்த இடம் மரத்தது, கூடவே சிவந்தது. சரி, நிஜ வலிக்காரர்களுக்கு? 2 சதவீத அமிட்ரிப்டிலினோடு கெட்டமின் என்ற மயக்க மருந்தையும் கலந்து மூன்று வாரம் பூசிய ஆய்வு 2005இல் வந்தது. மருந்தில்லாத வெறும் களிம்பைவிட அது ஒன்றும் கூடுதலாகக் கேட்கவில்லை. அமிட்ரிப்டிலின் வகையையே சேர்ந்த டாக்ஸெபின் என்ற மருந்து 5 சதவீதக் களிம்பாக அமெரிக்காவில் கடைக்கே வந்தது, ஆனால் அரிப்புக்கு. அதுவும் நிறையப் பூசினால் ரத்தத்தில் கலந்து தூக்கம் தள்ளும். அதனால் தாய்மார்களே, மாத்திரையைப் பொடித்து தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவுகிற வேலை மட்டும் வேண்டாம்.

களிம்பு என்றைக்கோ வரட்டும். இன்றைக்கு நம் பெரியம்மாக்கள் யாரிடம் போய்ச் சொல்வது? டிஸ்பென்சரி திறந்திருக்கிற நேரத்தில் நாம் வேலையில். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு, அதற்கும் துணிந்து போனால் இரண்டு நிமிடத்தில் ஒரு பெயின் கில்லர். சர்க்கரையால் கால் எரிகிறவருக்கும் அதே மாத்திரை. எரிச்சலா, குத்தலா, மதமதப்பா என்று ஒரு வார்த்தை கேட்க ஆள் கிடையாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும், அண்ணாச்சி! உங்களுக்கு வரவேண்டாம், வராமலேயே செய்யுங்கள். தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் சனிக்கிழமை மாலைகளில் வலிக்கென்றே ஒரு ஓ.பி. வேண்டும். நான்கு மேடையில் கேட்டுவிட்டேன், ஐந்தாவதிலும் கேட்கிறேன்.

விலையைப் பற்றிப் பேச நேரமில்லை, செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். வாசலில் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம். கையெழுத்துக்குக் கீழே வார்டு நம்பரையும் எழுதுங்கள், போன தடவை அது இல்லை என்றுதான் திருப்பி அனுப்பினார்கள்.