ஐ.சி.யு.வில் ஆச்சி ஏன் ஆள் மாறிப் போகிறார்?

(திரையில்: மும்பை, தாராவியின் ஒரு சந்து. அப்புறம் ஐ.சி.யு. வாசல், வெளியே காத்திருக்கும் சொந்தங்கள்.)

தாராவியில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். 76 வயது ஆச்சிக்கு நிமோனியா. நாலு நாள் வென்டிலேட்டரில் இருந்தார். டியூபை எடுத்த மறுநாள் பேரன் உள்ளே போனால், "யாருலே நீ? ஆடெல்லாம் வீட்டுக்குள்ள வந்துட்டு, பத்தி விடு" என்கிறார்.

நம் வீடுகளில் இதை ஜன்னி என்பார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்று அழுபவர்களும் உண்டு. டாக்டர்கள் சொல்லும் பெயர் டெலிரியம். கிருமித்தொற்று, ஆக்சிஜன் குறைவு, தூக்கமின்மை, சில மருந்துகள் எல்லாம் சேர்ந்து மூளையைத் தடுமாற வைக்கின்றன. மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வரும். இது சில மணி நேரத்திலேயே வந்துவிடும். காலையில் தெளிவு, ராத்திரியில் குழப்பம் என்று ஏறி இறங்கும்.

கத்துகிறவர், டியூபைப் பிடுங்குகிறவர் எல்லார் கண்ணிலும் படுவார். பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பவருக்கும் டெலிரியம் இருக்கலாம். "சமத்தா தூங்குறாங்க" என்று விட்டுவிடுவது இவரைத்தான்.

(திரையில்: +4 முதல் -5 வரை ஓர் அளவுகோல்.)

சரி, மயக்க மருந்துக்கு வருவோம். இது ராஸ் அளவுகோல், நோயாளி எவ்வளவு விழிப்பிலோ மயக்கத்திலோ இருக்கிறார் என்று அளப்பது. +4 என்றால் அடிக்கவே வருவார், -5 என்றால் தொட்டாலும் எழமாட்டார், 0 என்றால் அமைதியான விழிப்பு. வென்டிலேட்டரில் இருப்பவரை அடித்துப்போட்ட மாதிரி தூங்க வைப்பதுதான் கருணை என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 2000இல் சிகாகோவில் 128 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், ஒரு பிரிவினருக்கு தினமும் மருந்தை நிறுத்தி எழுப்பிப் பார்த்தார்கள். அவர்கள் வென்டிலேட்டரில் இருந்தது சுமார் 4.9 நாள். மற்றவர்கள் 7.3 நாள். இப்போது கூப்பிட்டால் கண் திறக்கும் அளவு லேசான மயக்கம் போதும் என்பதே பொதுவான வழி. சில நோய்களுக்கு ஆழ்ந்த மயக்கம் வேண்டியிருக்கும். முதலில் வலிக்கு மருந்து, அதன் பிறகே மயக்கம். மிடசோலம் போன்ற மயக்க மருந்துகள் டெலிரியத்தைக் கூட்டக்கூடும் என்பதால் புரோபோஃபால், டெக்ஸ்மெடெடோமிடின் என்ற வேறு மயக்க மருந்துகள் பக்கம் சாய்கிறார்கள்.

"குழப்பத்துக்கு ஊசி போடக்கூடாதா?" என்று கேட்பீர்கள். இதற்குப் போடும் ஹாலோபெரிடால் என்ற மருந்தை 2018இல் ஒரு பெரிய ஆய்வில் சோதித்தார்கள். டெலிரியம் நீடிக்கும் நாட்கள் குறையவில்லை. ஆள் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் நிலை என்றால் அது வேறு கதை.

இனி மும்பைக்கே உரிய சிக்கல். டெலிரியம் இருக்கிறதா என்று பார்க்க, நர்ஸ் பத்து ஆங்கில எழுத்துகளைச் சொல்வார், "ஏ" வரும்போது மட்டும் கையை அழுத்த வேண்டும். இரண்டுக்கு மேல் தவறினால் கவனம் சிதறியிருக்கிறது என்று பொருள். கல் தண்ணீரில் மிதக்குமா, கடலில் மீன் இருக்குமா என்ற கேள்விகளும் உண்டு. இதையெல்லாம் இந்தியிலோ மராத்தியிலோ கேட்டால், தமிழ் மட்டுமே தெரிந்த ஆச்சி தெளிவாக இருந்தாலும் விழிப்பார். அது குழப்பமா, பாஷையா என்று யாருக்குத் தெரியும்? "ஆச்சிக்குத் தமிழ்தான் புரியும், நான் கேட்டுச் சொல்லட்டுமா?" என்று நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள். ஆங்கில எழுத்து தெரியாதவருக்குப் படங்களை வைத்தும் சோதிக்கலாம்.

இன்னொன்று, கூச்சப்படாமல் சொல்லுங்கள்: தினமும் குடிப்பவரா, தூக்க மாத்திரை போடுபவரா? அதைத் திடீரென்று நிறுத்தினாலே குழப்பம் வரலாம், அதற்கு வைத்தியமும் வேறு.

உள்ளே விடும் நேரத்தில் கண்ணாடியும் காதுக் கருவியும் எடுத்துப் போங்கள். ஆடு இல்லை என்று வாதாட வேண்டாம், ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம். "ஆச்சி, நான்தான். இது ஆஸ்பத்திரி, இன்னைக்குச் செவ்வாக்கிழமை" என்று மெல்லச் சொன்னால் போதும்.

(திரையில்: கட்டிலுக்கு மேல் ஒட்டிய ஒரு வெள்ளைத்தாள்.)

கிளம்பும் முன் ஒரு தாளில் "தண்ணி", "வலிக்குது", "மூச்சு முட்டுது", "ஒண்ணுக்கு வருது" என்ற நாலையும் இந்தி எழுத்திலேயே எழுதி, பக்கத்தில் இந்தியில் அர்த்தமும் போட்டு, நர்ஸிடம் கேட்டுக்கொண்டு ஒட்டுங்கள். ராத்திரி ஷிப்டில் வருகிறவருக்கு அது உதவும்.