பென்சிலால் கேள்வி கேட்ட என் மேடம்

வணக்கம் நண்பர்களே. இந்த வாரம் வழக்கமான பாடம் இல்லை. இன்று ஒருவரைப் பற்றிப் பேசப் போகிறேன். நான் கட்டமைப்புப் பொறியாளராக நிலைத்ததற்கும், வேலையில் சேர்ந்த பிறகு மறுபடியும் படிக்கப் போனதற்கும், ஏன், இப்படி கேமரா முன்னால் உட்கார்ந்து உங்களுக்குக் கணக்குச் சொல்லித் தருவதற்கும் அவர்தான் காரணம். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. மேடம் என்றே சொல்கிறேன். இந்த மாதம் அவர் பணி ஓய்வு பெறுகிறார்.

அவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் பட்டம் இருந்தது, மென்பொருளும் நன்றாக ஓட்டத் தெரியும். முதல் கட்டடத்தின் கணக்கைக் கணினியில் போட்டு, அச்செடுத்து, கட்டாக அவர் மேசையில் வைத்தேன். அவர் அதைப் புரட்டவே இல்லை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "இருப்பதிலேயே நீளமான பீம் எதுவோ, அதன் நடுவில் பெண்டிங் மொமென்ட் எவ்வளவு வரும்? தோராயமாகச் சொன்னால் போதும்" என்றார். தூண்களுக்கு நடுவே கிடையாகப் போகும் பீமை அதன் மேல் உள்ள பாரம் எவ்வளவு வளைக்கப் பார்க்கிறது என்பதன் அளவுதான் பெண்டிங் மொமென்ட். "அந்தக் கட்டில் இருக்கிறது மேடம்" என்றேன். "அது கணினி சொன்னது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

இரண்டு முனையிலும் தாங்கி வைத்த பீம், மேலே சீரான பாரம். ஒரு மீட்டருக்கான பாரத்தை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் நடுவில் வரும் மொமென்ட் கிடைத்துவிடும். பொறியியல் படித்த யாருக்கும் தெரிந்த சூத்திரம்தான். மேடம் அங்கே நிறுத்தவில்லை. அதே பீமின் நீளம் இரண்டு மடங்கானால்? மொமென்ட் 4 மடங்கு. நடுவில் விழும் தொய்வு? 16 மடங்கு. இந்த எண்களை நான் தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆனால், நடுவில் இருக்கும் ஒரு தூணை எடுத்துவிடுங்கள், கூடம் விசாலமாக இருக்கும் என்று கட்டட உரிமையாளர் கேட்கும்போது அந்தப் பதினாறு உடனே கண்முன் வந்து நிற்க வேண்டும் இல்லையா? அப்படி நிற்க வைத்தவர் அவர்தான்.

அவர் சிவப்பு மையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. எப்போதும் கூர் சீவிய பென்சில்தான், ஓரத்தில் சின்ன எழுத்துகள். இது தவறு, அதை மாற்று என்றெல்லாம் எழுத மாட்டார், கேள்விகள் மட்டும்தான். "இந்தப் பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது?" "இந்த எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள்?" எனக்கு மிகவும் பிடித்த கேள்வி ஒன்று உண்டு: "இந்த நட்டை முடுக்கப் போகிறவருடைய கை இந்த இடத்துக்குள் நுழையுமா?" கணக்கு சரியாக இருந்தாலும் கேட்பார். வரைபடத்தின் மறுபக்கத்தில் ஒரு மனிதர் ஸ்பேனருடன் நிற்கிறார் என்ற நினைப்பு எனக்கு அந்தக் கேள்வியில்தான் வந்தது.

அவர் சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒன்றை மட்டுமாவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன். 1981 ஜூலை 17. அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் பெரிய கூடத்தில் தொங்கிய நடைபாலங்கள் இடிந்து விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். நான்காவது மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாவது மாடிப் பாலம். முதலில் வரைந்தபடி, கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி இரண்டு பாலங்களையும் தாங்க வேண்டும். கட்டும்போது அதை இரண்டு துண்டுக் கம்பிகளாக மாற்றிவிட்டார்கள். ஒன்று கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு, மற்றொன்று மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு.

மேடம் இரண்டு அமைப்புகளையும் என்னை வரையச் சொன்னார். பிறகு, மேல் பாலத்தின் அடியில் இருக்கும் நட்டின் மேல் பென்சிலை வைத்து, "இது இப்போது எவ்வளவு தாங்குகிறது?" என்று கேட்டார். ஒரே கயிற்றில் இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்கினால் அவரவர் கைக்கு அவரவர் எடை மட்டும்தான். கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் காலைப் பிடித்துத் தொங்கினால், மேலே இருப்பவரின் கைக்கு இரண்டு பேருடைய எடையும் வந்துவிடும். அதேதான் நடந்தது. அந்த நட்டுக்கு வரும் பாரம் இரண்டு மடங்காகிவிட்டது. முதலில் வரைந்த இணைப்பே விதிகள் கேட்ட வலுவோடு இல்லை என்பது விசாரணையில் தெரிந்தது, அது தனிக் கொடுமை. நான் விடையைச் சொன்ன பிறகு மேடம் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "114" என்று அந்த நட்டுக்குப் பக்கத்தில் எழுதினார். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது.

மேற்படிப்பு விஷயமும் அப்படித்தான். படி, படி என்று பொதுவாகச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மேடம் ஒருநாள், "நீங்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் எல்லாம் கடைசியில் இணைப்புகளில் வந்து நிற்கின்றன, கவனித்தீர்களா? அதைப் படியுங்கள்" என்றார். நான் கவனித்திருக்கவில்லை. எனக்கு எது பிடிக்கும் என்பது எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. எஃகு இணைப்புகளைப் பற்றித்தான் படித்தேன். இன்றும் அதுதான் என் சோறு. வகுப்பு நேரத்துக்கு ஏற்ப அலுவலக வேலையை மாற்றியமைத்ததும், பரிந்துரைக் கடிதம் எழுதியதும் அவர்தான். திரும்பி வந்ததும் ஒரு பெரிய கூட்டத்தில், "இந்த இணைப்பு இவருடைய வடிவமைப்பு, இவரே விளக்குவார்" என்று சொல்லிவிட்டு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து உட்கார்ந்துகொண்டார். தான் பேசியிருக்கக்கூடிய இடத்தை எனக்குக் கொடுத்தார். இதைச் செய்பவர்கள் குறைவு.

நன்றாக முன்னேறிக் காட்டுவதுதான் ஆசிரியருக்குச் செய்யும் நன்றி என்று சொல்வார்கள். எனக்கு அது போதாது. தான் செய்ததில் எது நம்மிடம் தங்கியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? உ.வே.சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871-ல் சேர்ந்தார். 1876-ல் ஆசிரியர் மறைந்துவிட்டார். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள்தான். அந்த ஆசிரியரின் வரலாற்றை அவர் 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டபோது அவருக்கு எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆசிரியர் எப்படிப் பாடம் சொன்னார், மாணவர்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். அத்தனை ஆண்டுகள் கழித்தும்! அந்த ஆசிரியரால் அதைப் படிக்க முடியவில்லை. என் மேடம் இருக்கிறார், கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவும் செய்வார்.

அதனால் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், கையால். "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று எழுதவில்லை. வெள்ளைத் தாள், ஸ்பேனர் பிடித்த கை, பின்னுக்கு இழுத்த நாற்காலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. ஓய்வு பெறும் நாளில் கூட்டத்தில் நீட்டாமல், முதல் நாளே அவர் அறைக்குப் போய்க் கொடுக்கப் போகிறேன்.

மேடம், இந்தக் காணொளியை நீங்கள் பார்த்தால் மொமென்ட் கணக்கில் பீமின் சொந்த எடையைச் சேர்த்தேனா என்று கேட்பீர்கள். சேர்த்துத்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் அந்த நடைபாலத்தின் இணைப்பை எண்களோடு போட்டுப் பார்ப்போம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.